நக மாற்றங்கள், தன்னுடல் தாக்கு நோய்களில்

அடிபடாமல், பூஞ்சை பற்றாமல், வேறு வெளிக்காரணம் எதுவும் தெரியாமல் கைநகத்தின் பரப்பிலோ நிறத்திலோ தடிமனிலோ, நகத்தை அண்டிய தோலிலோ தோன்றும் மாற்றம் சில வேளைகளில் தன்னுடல் தாக்கு நோயின் முதல் அடையாளமாக இருக்கும். உடலைக் காக்க வேண்டிய தடுப்பாற்றல் உடலின் சொந்தத் திசுக்களையே அந்நியமாகக் கொண்டு தாக்குவது இந்நோய்களின் பொதுத்தன்மை. மருத்துவமனைப் பேச்சுவழக்கில் இவை ஆட்டோ இம்யூன் நோய்கள். சொரியாசிஸ், புழுவெட்டு, லைக்கன் பிளேனஸ், லூப்பஸ், ஸ்கிளீரோடெர்மா, டெர்மட்டோமயோசைட்டிஸ், முடக்குவாதம், கிரேவ்ஸ் நோய் ஆகியவை நகத்தைத் தொடுபவற்றுள் முக்கியமானவை. இவற்றுள் சில நகத்தகட்டையே சிதைக்கின்றன. வேறு சில தகட்டை விட்டுவிட்டு அதன் வேரை மூடிய தோல்மடிப்பில் மட்டும் தடம் பதிக்கின்றன. பார்ப்பவர் கண் தகட்டோடு நின்றுவிடுவதால் இரண்டாம் வகை எளிதில் தவறிப்போகிறது. உயிருக்கு ஊறு செய்யும் நோய்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் இருக்கின்றன.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கொக்குக் கூட்டம் பறக்கக் கண்டால் கைநகங்களை ஒன்றோடொன்று உரசியபடி பூப்போடச் சொல்லிக் கூவுவார்கள். நகத்தில் விழும் வெள்ளைப்புள்ளி கொக்கு போட்ட பூ என்பது அவர்கள் கணக்கு. பெரியவர்கள் அதையே சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்பார்கள். இரண்டில் பிள்ளைகளின் கணக்கால் கேடில்லை. இப்புள்ளிகள் நகவேரில் எப்போதோ பட்ட சிறு இடிகளின் விளைவு. நகம் வளர வளர நுனிக்கு நகர்ந்து, வெட்டும்போது போய்விடும். நோயின் அறிகுறியாக இவற்றை எண்ணிக் கவலைப்படுவோர் பலர். உண்மையில் கவலைக்குரிய குழிகளையும் சிவப்பையும் எண்ணுவோர் சிலர். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வு நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என அமைந்தது. நகம் அதில் தனியிடம் பெறவில்லை.

நகத்தின் அமைப்பு

நகத்தகடு கெரட்டின் என்னும் புரதத்தாலான இறந்த பொருள். அதைப் படைப்பது தோலுக்குள் மறைந்திருக்கும் நகவேர். அதன் முன்விளிம்புதான் பெருவிரலில் வெண்பிறையாக வெளியே தெரிகிறது. தகடு ஒட்டிப் படுத்திருக்கும் இளஞ்சிவப்புப் பரப்பு நகப்படுகை. வேரை மூடிய தோல் நகமடிப்பு. அந்த மடிப்பின் விளிம்பிலிருந்து தகட்டின்மேல் ஒட்டிப் படரும் மெல்லிய தோல்விளிம்பு நீரும் கிருமியும் உள்ளே போகாமல் அடைத்து நிற்கிறது. வேரின் பின்பகுதி தகட்டின் மேற்பரப்பையும் முன்பகுதி அடிப்பரப்பையும் உருவாக்குகின்றன. ஆகவே மேற்பரப்பில் குழி விழுந்தால் பாதிப்பு வேரின் பின்பகுதியில் என்றும், தகட்டுக்கு அடியில் நிறம் மாறினால் பாதிப்பு படுகையில் என்றும் மருத்துவர் இடம் குறிக்க முடிகிறது.

கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. ஒரு நகம் முழுதாகப் புதுப்பிக்கப்பட ஆறு மாதம் ஆகும். கால்நகத்துக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு. இந்த வேகத்தை வாழ்நாள் வேலையாக அளந்தவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் பென்னட் பீன். தம் 32ஆம் வயதில் தொடங்கி, மாதந்தோறும் இடது பெருவிரல் நகத்தில் தோல்விளிம்பை ஒட்டி ஒரு கீறல் இட்டு, அது நுனியை எட்டும் நாளைக் குறித்துவந்தார். 35 ஆண்டு அளவீட்டை 1980இல் வெளியிட்டார். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டராக இருந்த வளர்ச்சி 67ஆம் வயதில் 0.095 ஆகக் குறைந்திருந்தது. ஒரே மனிதரின் ஒரே விரலில் நடந்த ஆய்வுதான். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுப் பொறுமைக்கு ஈடான வேறு பதிவு நக மருத்துவத்தில் அரிது. நகத்தில் காணும் எந்தத் தடத்துக்கும் காலம் கணிக்க முடியும் என்பது இந்தச் சீரான வளர்ச்சியால்தான்.

வரலாறு

நகத்தையும் விரல்நுனியையும் பார்த்து உள்நோயைச் சொல்லும் வழக்கத்தின் மிகப்பழைய பதிவு கிரேக்கத்தில் கிடைக்கிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினரான ஹிப்போக்ரட்டீஸ், நெஞ்சுக்கூட்டில் சீழ் கோத்த நோயாளிகளின் விரல்நுனி முரசடிக்கும் கோலின் தலைபோல் திரள்வதையும் நகம் வளைவதையும் கண்டார். அந்த வடிவம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அதன்பின் நெடுங்காலம் நகத்தைப்பற்றிச் சிறப்பாகச் சொல்லத்தக்க எதுவும் இல்லை.

1846இல் பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் ஓனோரே சிமோன் போ, டைபாய்டு போன்ற கடுநோயிலிருந்து எழுந்தவர்களின் நகங்களில் குறுக்காக ஓடும் பள்ளங்களை விவரித்தார். நோயின்போது நகவேர் சில நாள் வேலையை நிறுத்திவிடுகிறது. பிறகு மீண்டும் தொடங்குகிறது. நின்ற நாள்கள் பள்ளமாகத் தெரிகின்றன. பள்ளத்துக்கும் தோல்விளிம்புக்கும் உள்ள தொலைவை அளந்தால் நோய் வந்த மாதத்தைச் சொல்லலாம் என்று அவர் காட்டினார். இப்பள்ளங்கள் போ கோடுகள் எனப்படுகின்றன. கடுமையான தன்னுடல் தாக்கு நோய் ஒருமுறை சீறி அடங்கியபின்னும் இவை தோன்றக்கூடும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி பெயர்சூட்டுக் காலம். 1954இல் ரிச்சர்ட் டெரி, ஈரல் சுருங்கிய நோயாளிகளின் நகம் முழுதும் வெளுத்து நுனியில் மட்டும் சிவப்புப் பட்டை எஞ்சுவதை எழுதினார். 1956இல் ராபர்ட் மியூர்க்கி, இரத்தத்தில் அல்புமின் குறைந்தவர்களின் நகத்தில் இணை இணையாக வெண்பட்டைகள் விழுவதைக் குறித்தார். 1964இல் சாமனும் ஒயிட்டும் மஞ்சள் நக நோய்த்தொகுதியை வரையறுத்தார்கள்: நகம் மஞ்சளாகித் தடித்து வளர்ச்சி ஏறத்தாழ நின்றுபோகும், காலில் நிணநீர் வீக்கமும் நுரையீரல் உறையில் நீரும் சேரும். இது சில வேளை முடக்குவாதத்துடன் வருகிறது. 1967இல் லிண்ட்சே, சிறுநீரகம் செயலிழந்தவர்களின் பாதி வெள்ளை பாதி பழுப்பு நகத்தை விவரித்தார். இவற்றுள் பெரும்பாலானவை தன்னுடல் தாக்கு நோய்க்கென்றே உரியவை அல்ல. ஆயினும் லூப்பஸால் சிறுநீரகம் கெட்டவரின் நகத்திலோ, தன்னுடல் தாக்கு அழற்சியால் ஈரல் சுருங்கியவரின் நகத்திலோ இவை தோன்றும்போது நோய் எந்த உறுப்புக்குப் பரவியிருக்கிறது என்பதைச் சொல்கின்றன.

நகமடிப்பின் கதை வேறு. 1663இலேயே கொல்ஹவுஸ் என்பவர் தொடக்ககால நுண்நோக்கியால் நகத்தைச் சுற்றிய சிறு குருதிக்குழாய்களைப் பார்த்தார். பயன் தெரியாமல் அது இரண்டரை நூற்றாண்டு கிடந்தது. 1862இல் பாரிஸில் மோரிஸ் ரேனோ தம் ஆய்வேட்டில், குளிர்பட்டதும் விரல்கள் வெளுத்து, நீலம் பாய்ந்து, பின் சிவக்கும் நிலையை விவரித்தார். விரல்நுனிக் குழாய்கள் மருத்துவத்தின் பார்வைக்குள் வந்தது அப்போதுதான். 1912இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வாரன் லொம்பார்டு, நகமடிப்பில் ஒரு துளி எண்ணெய் இட்டு ஒளி பாய்ச்சினால் தோல் கண்ணாடிபோல் தெளிந்து அடியிலுள்ள தந்துகிகள் என்னும் நுண்குழாய்களில் குருதி ஓடுவதே தெரிகிறது என்று காட்டினார். ஒரு துளி எண்ணெய்தான் இத்துறையின் திறவுகோல்.

உடலில் வேறெங்கும் தந்துகிகள் தோலுக்குச் செங்குத்தாக நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் புள்ளிகளாகவே தெரியும். நகமடிப்பின் ஓரத்தில் மட்டும் அவை தோலோடு இணையாகப் படுத்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொன்றின் முழு வளைவும் கொண்டை ஊசி வடிவில் வரிசையாகப் புலப்படுகிறது. கத்தியும் ஊசியும் இல்லாமல் மனிதக் குருதிக்குழாயை உயிரோட்டத்தோடு பார்க்கும் வாய்ப்பு கண்ணை விட்டால் இங்கேதான். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஓட்ஃப்ரீட் முல்லர் இம்முறையை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். 1925இல் மாயோ மருத்துவமனையின் பிரவுனும் ஓலியரியும் ஸ்கிளீரோடெர்மா நோயாளிகளின் தந்துகிகள் வீங்கிப் பெருத்திருப்பதைப் பதிந்தார்கள். 1973இல் தென் கரோலினாவில் ஹில்டெகார்டு மாரிக்கும் லெராயும் அந்நோய்க்கே உரிய உருவமைப்பைத் தனித்துக் காட்டினார்கள். 2000இல் இத்தாலியின் ஜெனோவாவில் மவுரீசியோ குட்டோலோ அதைத் தொடக்கம், வீரியம், முதிர்வு என மூன்று நிலைகளாகப் பிரித்தார். 2013இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவச் சங்கங்கள் ஸ்கிளீரோடெர்மாவை வகைப்படுத்த வகுத்த புள்ளிமுறையில் இயல்பு திரிந்த நகமடிப்புத் தந்துகிகளுக்கு 2 புள்ளி கிடைத்தது. மொத்தம் 9 புள்ளி சேர்ந்தால் ஸ்கிளீரோடெர்மா என வகைப்படும். கொல்ஹவுஸ் பார்த்தது இந்தப் புள்ளிமுறையில் இடம்பெற 350 ஆண்டு ஆயிற்று.

சொரியாசிஸ்

தன்னுடல் தாக்கு நோய்களுள் நகத்தகட்டை மிகுதியாகத் தாக்குவது சொரியாசிஸ், தமிழில் காளாஞ்சகப்படை. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் எந்த நேரத்திலும் நகமாற்றம் காணலாம். சொரியாசிஸ் மூட்டுவாதம் உள்ளவர்களில் இந்த அளவு 80 விழுக்காடுவரை செல்லும். தோலில் படை எதுவும் இல்லாமல் நகத்தில் மட்டும் நோய் இருப்பதும் உண்டு. அத்தகையோர் ஆண்டுக்கணக்கில் பூஞ்சைமருந்து பூசிக்கொண்டிருப்பது வேதனையானது.

அறியத்தக்க முதல் அடையாளம் குழிகள். தையற்காரர் விரலில் மாட்டும் உறையின் மேற்பரப்புபோல், குண்டூசித் தலையளவுப் பள்ளங்கள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். நகவேரின் பின்பகுதியில் முதிராத செல்கள் திட்டுத்திட்டாகத் தகட்டில் சேர்ந்து, பின் உதிர்ந்துபோன இடங்களே இவை. ஒன்றிரண்டு குழி நலமானவரிடமும் இருக்கும். பல விரல்களில் பலவாக இருந்தால் பொருள் உண்டு. இரண்டாவது, தகட்டுக்கு அடியில் எண்ணெய்த்துளி படிந்தது போன்ற மஞ்சள்கலந்த சிவப்புத் திட்டு. இதைப் பூஞ்சையில் காண முடியாது. கண்டால் சொரியாசிஸ் என்றே கொள்ளலாம். தகடு நுனியிலிருந்து படுகையை விட்டு விலகுவதும், அடியில் மாவுபோல் செதில் திரள்வதும், மரச்சிலாம்பு ஏறியதுபோல் நீளவாட்டில் கருஞ்சிவப்புக் கோடுகள் தோன்றுவதும் பிற அடையாளங்கள்.

நகத்துக்கும் மூட்டுக்கும் உள்ள உறவு வெகுகாலம் விளங்காமலிருந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டென்னிஸ் மெகோனகலும் உடனாய்வாளர்களும் அதை உடற்கூற்றால் விளக்கினார்கள். விரலை நிமிர்த்தும் தசைநாண் கடைசி எலும்பில் ஒட்டும் இடத்திலிருந்து நார்கள் நகவேர்வரை நீள்கின்றன. சொரியாசிஸ் மூட்டுவாதம் அந்த ஒட்டுமிடத்தில்தான் தொடங்குகிறது. எனவே நகம் தோலின் உறுப்பு என்பதைவிட மூட்டின் உறுப்பு என்பதே சரி. சொரியாசிஸ் மூட்டுவாதத்துக்கென 2006இல் வெளிவந்த காஸ்பர் வகைப்பாட்டில் நகச்சிதைவுக்கே ஒரு புள்ளி உண்டு. நகச் சொரியாசிஸ் உள்ளவர் காலையில் விரல்மூட்டு விறைப்பதாகச் சொன்னால் அதை வயதின் மேலோ வீட்டுவேலையின் மேலோ போடக் கூடாது.

புழுவெட்டும் லைக்கன் பிளேனஸும்

தலையில் வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டு, பெயரைக் கேட்டுப் புழுவோ பூச்சியோ என்று எண்ணத் தோன்றினாலும், முடிவேரைத் தடுப்பாற்றல் தாக்கும் நோய். அது நகவேரையும் தாக்கும். இங்கே குழிகள் சொரியாசிஸைவிடச் சிறியவை, ஆழமற்றவை. துணியில் இட்ட தையல்போல் வரிசை தப்பாமல் இருக்கும். நோய் மிகுந்தால் நகம் உப்புத்தாளால் தேய்த்ததுபோல் சொரசொரப்பாகி ஒளி இழக்கும். இருபது நகங்களும் இப்படி ஆவது பிள்ளைகளிடம் காணப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் தானே சரியாகிவிடும். பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

லைக்கன் பிளேனஸ் பொறுக்காது. 1869இல் இங்கிலாந்தின் எராஸ்மஸ் வில்சன் விவரித்த இந்நோயில் பத்தில் ஒருவருக்கு நகம் பாதிக்கப்படுகிறது. தகடு மெலிந்து நீளவாட்டில் வரிவரியாகிப் பிளக்கும். பின் நகமடிப்புத் தோல் சிறகுபோல் முன்னே படர்ந்து நேரே படுகையோடு ஒட்டிக்கொள்ளும். இது வடு. நகவேர் வடுவானபின் எந்த மருந்தாலும் நகம் திரும்புவதில்லை. நாளை எண்ணி மருத்துவம் தொடங்க வேண்டிய நக நோய் இது. ஐயம் இருந்தால் நகவேரிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். வலிக்கு அஞ்சி அதை ஒத்திப்போடுவது நகத்தையே விலையாகக் கேட்கும்.

நகமடிப்பில் தெரியும் நோய்கள்

ஸ்கிளீரோடெர்மாவில் தோல் இறுகுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ரேனோ நிலை தொடங்கிவிடும். ஊட்டியின் குளிரில் மட்டுமன்று, சென்னையில் குளிர்பதன அறையிலோ ஐஸ்பெட்டிக்குள் கை விடும்போதோ விரல் வெளுப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்களில் மிகப்பலருக்கு அது வெறும் குழாய்ச் சுருக்கம். வேறு நோய் இல்லை. யாருக்கு இல்லை, யாருக்கு உண்டு என்று பிரித்துச் சொல்வது நகமடிப்பு. நலமானவரிடம் ஒரு மில்லிமீட்டருக்கு ஏழுக்குக் குறையாத தந்துகிகள் ஒரே சீராக நிற்கும். ஸ்கிளீரோடெர்மாவில் சில 50 மைக்ரானுக்கு மேல் பெருத்துப் பூதவடிவாகும். சில வெடித்துக் குருதிப்புள்ளி விடும். பின் குழாய்கள் அழிந்து இடம் பாலைபோல் வெறிச்சோடும். இதைக் காண நான்காம் விரல் ஏற்றது. நகத்துக்கு அடியில் நுனித்தோல் தகட்டோடு ஒட்டி வளர்வதும் இந்நோயில் உண்டு. அப்போது நகம் வெட்டினால் வலிக்கும்.

டெர்மட்டோமயோசைட்டிஸ் தசையையும் தோலையும் தாக்குவது. தோல்விளிம்பு தடித்துக் கந்தலாகி, அதில் கறுப்பு நூல்போல் உறைந்த குருதிக்கோடுகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். நகமடிப்பு சிவந்து, தொட்டால் நோகும். விரல் கணுக்களின் மேல் சிவந்த தடிப்புகளும் சேர்ந்திருந்தால் நோய் ஏறத்தாழத் தெளிவு. மாடிப்படி ஏறவும் தலைவாரக் கையைத் தூக்கவும் முடியாமல் போவது பின்னால் வரலாம், வராமலும் போகலாம். வளர்ந்தவர்களில் ஒரு பகுதியினரிடம் இந்நோய் உள்ளே மறைந்த புற்றுநோயோடு சேர்ந்து வருகிறது. வேறு சிலரிடம் நுரையீரலை விரைந்து கெடுக்கிறது. பாத்திரம் தேய்ப்பதால் நகச்சுற்று என்று இந்த விரல்களை விட்டுவிடுவதுதான் பெருந்தவறு. நகச்சுற்று ஒன்றிரண்டு விரல்களில் வரும். இது எல்லா விரல்களிலும் ஒரேபோல் வரும்.

லூப்பஸில் நகமடிப்புச் சிவப்பும் பிறைச் சிவப்பும் தந்துகிகளின் முறுக்கமும் காணப்படும். நோய்க்கே உரிய ஒற்றை அடையாளம் இல்லை. முடக்குவாதத்தில் நீளவரிகள் மிகும். நகமடிப்பில் சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் சிறுகுழாய்களும் அழற்சியுற்றன என்று பொருள். பிரித்தானிய மருத்துவர் எரிக் பைவாட்டர்ஸ் பெயரால் அவை அறியப்படுகின்றன.

தைராய்டும் பிறவும்

கிரேவ்ஸ் நோயில் தைராய்டு மிகையாகச் சுரக்கும்போது நகம் படுகையைவிட்டு மேலெழும். பெரும்பாலும் மோதிரவிரலில் தொடங்கும். அடியில் எத்தனை தேய்த்தாலும் போகாத அழுக்கு நிற்கும். மாயோ மருத்துவமனையின் ஹென்றி பிளம்மர் பெயரில் வழங்கும் இம்மாற்றம் மருந்தால் தைராய்டு அடங்கியதும் சரியாகும். ஹாஷிமோட்டோ நோயில் சுரப்பு குறைவதால் நகம் மெல்ல வளர்ந்து எளிதில் ஒடியும். தன்னுடல் தாக்கு இரைப்பை அழற்சியால் வைட்டமின் பி12 குறைந்தவர்களின் நகங்கள் கருமைபடரும். ஊசி போட்டதும் வெளுக்கும். அட்ரீனல் சுரப்பி கெடும் அடிசன் நோயிலும் கருங்கோடுகள் வரும்.

தோல்நிறமும் மயக்கங்களும்

பாடநூல் படங்களில் பெரும்பான்மை வெள்ளைத் தோலின் படங்கள். அவற்றில் பளிச்சென்று தெரியும் சிவப்பு மாநிறத்திலும் கறுப்பிலும் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிகிறது. தந்துகிகளும் நிறமியின் திரைக்குப் பின்னே மறைகின்றன. மாறாக, கறுத்தவர்களின் பல நகங்களில் நீளவாட்டில் ஓடும் பழுப்புக் கோடுகள் இயல்பானவை. ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே வரும் கருங்கோடுதான் புற்றுநோய் ஐயத்துக்கு உரியது. இது தன்னுடல் தாக்கு நோயோடு தொடர்புடையதன்று என்றாலும் தோல் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டியது.

சிதைந்த நகங்களில் ஏறத்தாழப் பாதி பூஞ்சையால் வருவது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நகத்தூளை ஊறவைத்து நுண்நோக்கியில் பார்க்கும் எளிய சோதனையால் இதை அறியலாம். சொரியாசிஸ் நகத்தில் பூஞ்சை ஏறுவதும் உண்டு; ஒன்று இருப்பதால் மற்றது இல்லையென்று ஆகாது. இரும்புச்சத்துக் குறைவில் நகம் கரண்டிபோல் குழியும். லூப்பஸுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் நகத்தை நீலச்சாம்பல் ஆக்கும். நோய் மிகுந்ததென்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது. பார்க்கும் நாளில் நகப்பூச்சும் மருதாணியும் இருக்கக் கூடாது. மருதாணி தகட்டில் ஏறினால் நகம் வளர்ந்து போகும்வரை அழியாது என்பதால் திருமணக் காலங்களில் நகமடிப்பை மட்டுமாவது பார்ப்பது நல்லது. தந்துகி நுண்நோக்கி இல்லாத இடங்களில் தோல் மருத்துவரின் கைக்கருவியான டெர்மட்டோஸ்கோப்பும் ஒரு துளி ஜெல்லும் போதும்.

மருத்துவம்

நகத்துக்கென்று தனியே மருந்து குறைவு. அடிப்படை நோய்க்கு மருத்துவம் செய்ய நகம் தேறும். நகமடிப்பில் ஸ்டீராய்டு ஊசி, மெதோட்ரெக்சேட், இன்டர்லூக்கின் 17ஐத் தடுக்கும் ஊசிகள், புழுவெட்டுக்கு 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பாரிசிட்டினிப் ஆகியன இப்போது வழக்கிலுள்ளன. கெட்ட தகடு திருந்துவதில்லை, தள்ளப்பட்டு வெளியேறுகிறது. அதனால் மருந்து பலிக்கிறதா என்பதை முதல் இரண்டு மாதங்களில் நகமடிப்பை ஒட்டிப் புதிதாக வந்த ஆறு மில்லிமீட்டரில் மட்டுமே பார்க்க முடியும்.